ஏழு மாதச் சினைப் பசு: கறவையை எப்போது நிறுத்துவது?

கேள்வி: இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு. கன்று போட்டுப் பத்து மாதம் ஆகிறது. இப்போது ஏழு மாதச் சினை. இன்னமும் வேளைக்கு இரண்டு லிட்டர் கறக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாடு ஒன்றேகால் வருடமாகக் கறக்கிறதே, நானும் தொடரலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே நிறுத்துங்கள். பக்கத்து மாடு பெரும்பாலும் சினை பிடிக்காமல் நிற்கும். அப்படிப்பட்ட மாடு கறக்கக் கறக்கப் பால் விடும். அளவு மட்டும் மாதாமாதம் இறங்கும், அடுத்த கன்றும் தள்ளிப்போகும். அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

கலப்பினப் பசுவுக்கு ஒரு ஈத்துக் கறவை சுமார் 305 நாள். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சம் தொடும், பிறகு படிப்படியாகக் குறையும். அடுத்த கன்று போடும் முன் கடைசி 60 நாள் மடிக்கு ஓய்வு. பால் சுரக்கும் திசு புதுப்பிக்கப்படுவதும் சீம்பால் சேர்வதும் அப்போதுதான். ஓய்வில்லாமல் கறந்தால் அடுத்த ஈத்தில் நாலில் ஒரு பங்கு பால்கூடக் குறையலாம். எருமைக்கும் இதே இரண்டு மாத ஓய்வுதான்.

உங்கள் மாடு நாளுக்கு நாலு லிட்டர்தான் தருவதால் ஒரேயடியாக நிறுத்தலாம். நாலைந்து நாள் முன்பே அடர்தீவனத்தை (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த தீவனம்) நிறுத்தி, வைக்கோலைக் கூட்டுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். கடைசிக் கறவையில் பால் திரிதிரியாக வந்தால் மடிநோய். முதலில் அதற்கு வைத்தியம். இல்லையென்றால் ஒட்டக் கறந்துவிட்டு, கறவை வற்றும் காலத்துக்கென்றே உள்ள மருந்துக் குழலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, காம்புக்கு ஒன்றாகச் செலுத்துங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது எட்டக் காம்பு முதலில், மருந்து ஏற்றும்போது கிட்டக் காம்பு முதலில்; மாற்றிச் செய்தால் துடைத்த காம்பில் கை உரசும். குழல் நுனி சில மில்லிமீட்டர் நுழைந்தால் போதும்.

மூன்றாம் நாள் மடி கல்லாய்க் கனக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும்தான், ஆனால் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தம்தான் சுரப்பை நிறுத்துகிறது. கொஞ்சம் பீய்ச்சினாலும் மறுபடி ஊறும், திறந்த காம்புத் துளை வழியே கிருமியும் புகும். இரண்டு வாரத்துக்குள் மடி தளர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சூடாகிச் சிவந்து, மாடு தீனி எடுக்காவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

மடி தளர்ந்ததும் அடர்தீவனத்தை மெல்லத் தொடங்கி நாளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ வரை கொடுக்கலாம். கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக் ஊற்றக் கூடாது. அந்தப் பழக்கம்தான் ஈன்றவுடன் பால் காய்ச்சலில் (ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கும் நோய்) மாட்டைப் படுக்க வைக்கிறது.