கண்ணாடி மடிப்பில் கட்டடங்கள்: வாசகர் கேள்வி பதில்

நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைத் தெருவில் நின்று படம் எடுத்து, நடுவில் பாதியாக வெட்டி, அதையே திருப்பி மறுபக்கம் ஒட்டினேன். கோபுரம் கோபுரமாகவே இருக்கிறது, என்ன பொருள் என்று தெரியாத அரூபப் படமாக மாறவில்லை. எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

கோபுரம் ஏற்கெனவே இடமும் வலமும் ஒத்த கட்டடம். ஸ்தபதி மடித்து வைத்த அதே கோட்டில் நீங்களும் மடித்திருக்கிறீர்கள். அதனால் பழைய கோபுரமே திரும்ப வந்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. கபோத வரிசைகள் (ஒவ்வொரு நிலையிலும் வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்புகள்) எல்லாம் கிடைக்கோடுகள். செங்குத்தான மடிப்பை அவை 90 டிகிரியில் தொடுவதால், எதுவும் நடக்காதது போல நேரே மறுபக்கம் ஓடிவிடும்.

இந்த வேலையின் உயிர் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. ஒரு கோடு மடிப்பை எத்தனை டிகிரியில் தொடுகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு கோணத்தில் அதுவும் அதன் பிம்பமும் சேரும். படத்தை 30 டிகிரி சாய்த்தால் கபோதக் கோடு மடிப்பை 60 டிகிரியில் தொடும், 120 டிகிரிக்கு அகன்ற கூரை போல விரியும். 45 டிகிரி சாய்த்தால் செங்கோணம். அதை இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பி நான்கு பிரதியாக ஒட்டினால், புள்ளிக் கோலத்தில் வருவது போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சாய்சதுரங்கள் வரும். 60 டிகிரி சாய்த்தால் கூர்முனை. முதலில் 45-ல் செய்து பாருங்கள், பலன் உடனே தெரியும்.

கலசமும் வானமும் தெரிந்தால் கண் 'கோபுரம்' என்று சொல்லிவிடும். ஆகவே இரண்டு நிலைகளுக்குள் நெருங்கி வெட்டுங்கள். 4000 × 3000 பிக்சல் படத்தை 45 டிகிரி சாய்த்தால், காலி மூலை இல்லாமல் எடுக்கக்கூடிய சதுரம் 2121 பிக்சல்தான். நான்கு சேர்ந்தால் 4242. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 14 அங்குலம் வரும், சுவரில் மாட்டத் தாராளம்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். பக்கவாட்டு வெயிலில் எடுத்த படத்தை மடித்தால் இரண்டு பக்கமிருந்தும் வெயில் அடிப்பது போல ஆகி, ஒட்டுவேலை தெரிந்துவிடும். உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது என்பது பொதுவான பாடம். ஆனால் இந்த வேலைக்கு உச்சி வெயில்தான் உகந்தது. நிழல் நேராகக் கீழே இறங்கி, கட்டடக் கோடுகளோடு இன்னொரு கறுப்புக் கோடாகச் சேர்ந்துகொள்ளும். சித்திரை பிறப்பதை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நெல்லையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நான்கு பிரதிகளை ஒட்டினால் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. மையத்தில் அழுக்குப் பிடித்தது போல ஒரு கருமையும் வருகிறது. எப்படி நீக்குவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். வெள்ளைக் கோடு, மவுஸால் இழுத்து வைத்ததால் விட்டுப்போன ஒரு பிக்சல் இடைவெளி. திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போது மறைந்திருக்கும், அச்சில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இழுக்காமல் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் சதுரம் 1800 பிக்சல் என்றால், 'இமேஜ் – கேன்வாஸ் சைஸ்' போய் அகலம், உயரம் இரண்டையும் 3600 ஆக்குங்கள். லேயரைப் பிரதி எடுத்து, 'லேயர் – டிரான்ஸ்ஃபார்ம் – ஃபிளிப் ஹாரிசான்டலி' கொடுத்து, லேயர் ஆட்ரிபியூட்ஸில் ஆஃப்செட் எக்ஸ் 1800 என்று போடுங்கள். பிறகு இந்த இரண்டையும் பிரதி எடுத்து, 'ஃபிளிப் வெர்ட்டிகலி' கொடுத்து, ஆஃப்செட் ஒய் 1800. ஊசி நுழைய இடமிருக்காது.

கருமைக்குக் காரணம் லென்ஸ். பல லென்ஸ்களில் படத்தின் மூலைகள் சற்று இருண்டுதான் விழும். தனிப் படத்தில் அது உறுத்தாது. ஆனால் நான்கு மூலைகள் மையத்தில் கூடும்போது இருட்டும் கூடித் திட்டாகிவிடும். மடிப்பதற்கு முன்பே லென்ஸ் திருத்தத்தில் விக்னெட்டை, அதாவது இந்த மூலை இருட்டை, சரிசெய்யுங்கள், அல்லது மூலையை விட்டுப் படத்தின் நடுப்பகுதியில் சதுரம் வெட்டுங்கள். வளைந்த கோடுகளை நிமிர்த்துவதும், தூசிப் புள்ளி துடைப்பதும் அப்போதே முடிய வேண்டும். இப்போது ஒரு புள்ளி, மடித்த பின் நான்கு.

வேலை முடியும்வரை, லேயர்களை அப்படியே வைத்திருக்கும் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக் கடைசியில் ஒரே ஒரு முறை போதும்.

சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளை ஆற்றங்கரையிலிருந்து எடுத்து மடித்தேன். எப்படி மடித்தாலும் ஒரு முகமோ பூச்சியோ வந்து முறைக்கிறது!
– ஆசிரியர், மேலப்பாளையம்

நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே அளவில் இரண்டு கரும்பொட்டு இருந்தால் மனிதக் கண் அதை முகமாக்கிவிடும். 1843-ல் கட்டிய அந்தப் பாலத்தில் 11 வளைவுகள். மடிப்புக்கு இரண்டு பக்கமும் முழு வளைவு விழுந்தால் இரண்டு கண்தான். மடிப்பை வளைவுக்குள்ளேயே செலுத்துங்கள். உச்சிக்குச் சற்று விலகி வெட்டி, பெரிய பங்கை வைத்துக்கொண்டால் நடுவில் பள்ளம் விழுந்து இரட்டை மேடாகும். சிறிய பங்கை வைத்தால் அரசிலை நுனி போலக் கூராகும். ஒரே வளைவு, வெட்டும் இடம் மாறினால் வேறு உருவம்! அப்படியும் முகம் தெரிந்தால் முழுப் படத்தையும் 90 டிகிரி திருப்பிவிடுங்கள். படுத்த முகத்தைக் கண் அவ்வளவு எளிதில் பிடிக்காது.

தண்ணீரில் விழுந்த பிம்பத்தைப் படத்தில் சேர்க்காதீர்கள். தாமிரபரணி காட்டும் பிம்பத்தில் வளைவின் அடிவயிறு கூடுதலாகத் தெரியும், நிறமும் இருண்டிருக்கும். நாம் திருப்பி ஒட்டுவது அப்படி இருக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பொருந்தாது.

கோயிலுக்குள் இசைத் தூண்களை எடுக்கலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. தூண்கள்தான் வேண்டுமென்றால், உங்கள் பக்கத்திலேயே கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்துத் திண்ணைகள் இருக்கின்றன. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். தூணைவிட, மேலே வரிசையாக ஓடும் உத்திரக்கட்டைகள் மடிப்புக்கு அருமையாக அமையும். 45 டிகிரி சாய்த்து நான்காக ஒட்டினால் பத்தமடைப் பாயின் பின்னல் போல இறங்கும்.