25 ஆயிரத்துக்குள் மெக்கானிக்கல் குரோனோகிராஃப் வாங்கலாமா?

வாங்கலாம். (பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும், ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச்தான் இது.) நீங்கள் கேட்ட விதத்திலேயே தெரிகிறது, ஏற்கெனவே கார்ட்டில் போட்டுவிட்டீர்கள். வீட்டில் சொல்ல ஒரு காரணம்தான் பாக்கி. நானும் அப்படித்தான் 2021இல் சீகல் 1963 என்ற சீன மாடலை வாங்கினேன். கஸ்டம்ஸ் வரியோடு 27 ஆயிரம். வீட்டில் சொன்னது ஏழாயிரம்.

“சீன வாட்ச்சா?” என்று சிரிக்க வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உள்ளே ஓடும் எஸ்டி19 என்ற இயந்திரம், சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற பழைய வாட்ச் இயந்திரத்தின் வழி வந்தது. வீனஸ் கம்பெனி அதைச் செய்யும் இயந்திரங்களை 1961இல் தியான்ஜின் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டது. சீன விமானப்படைக்காக அங்கே செய்ய ஆரம்பித்தார்கள். டிசைன் செலவெல்லாம் எப்போதோ கழிந்துபோன பழைய சரக்கு. விலை குறைய அதுவும் ஒரு காரணம். பின்பக்கக் கண்ணாடி வழியே காலம் வீல் தெரியும் (நம் காலம் இல்லை, தூண்; ஸ்டாப்வாட்ச்சை ஓடவும் நிற்கவும் வைக்கும் சக்கரம்). பட்டனை அழுத்தினால் அது ஒரு படி நகர, லீவர் இரண்டு தூண்களுக்கு நடுவே விழும். இந்த வீல் வைத்த சுவிஸ் வாட்ச்களை நான் லட்சங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் ஸ்டாப்வாட்ச்சை ரீசெட் செய்தால் அதன் முள் 12க்கு வராமல் 58ஆம் வினாடியில் நிற்க ஆரம்பித்தது. சென்னையில் ஒரு பெரிய கடையில் ஃபுல் சர்வீஸுக்கு 11 ஆயிரம் கேட்டார்கள். அதுவும் “கேரண்டி கிடையாது சார்.” கடைசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெரியவரிடம் போனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டித் திறந்தவர், வேலையை விட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். முள்ளைக் கழற்றி நேராக வைத்து அழுத்திக் கொடுத்தார், நூறு ரூபாய். “உள்ள கை வைக்க மாட்டேன் தம்பி, ஸ்பேர் கிடைக்காது.” ஆக வாட்ச்சுக்கு 25 என்றால் சர்வீஸுக்கு 10 தனியாக எடுத்து வையுங்கள். எல்லாருக்கும் கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

உண்மையைச் சொன்னால், அப்பாவின் எச்எம்டி பைலட் வாட்ச் என்னிடம் வந்திருந்தால் நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன். காரியம் முடிந்த அன்றே அண்ணன் எடுத்துக்கொண்டான். கட்டுவதும் இல்லை, பீரோவில் பாஸ்போர்ட்டோடு கிடக்கிறது. அண்ணா, நீ இந்தத் தளத்துக்கு வருவாய் என்று தெரியும். வாரம் ஒரு தடவையாவது அதற்குச் சாவி கொடு.