தொலைக்காட்சிப் பார்வையாளர் குறித்த மாணவர் ஆய்வை எப்படித் திட்டமிடுவது?

நெல்லை மாவட்டத்தில் தொலைக்காட்சிச் சேனல்களையும் பார்வையாளர்களையும் பற்றி ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாச் சேனல்களையும் அளக்கும் ஆசையை முதலில் கைவிடுங்கள். ஒரு தொடர், ஒரு கேள்வி போதும்.

இந்தியாவில் தொலைக்காட்சிப் பார்வையை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்தரப் புள்ளிவிவரம், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்திய கருவி சேனலின் ஒலியில் பதித்த குறியீட்டை இனங்கண்டு பதிவதால் கிடைப்பது. எந்தச் சேனல் ஓடியது, யார் பார்த்ததாகப் பதிவானார் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு கவனித்தார் என்பதை அது சொல்லாது. அந்த இடைவெளியே உங்கள் களம். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள், கண்ணும் கையும் இலையிலிருக்க, தொடரைக் காதாலேயே பின்தொடரக்கூடும். பாளையங்கோட்டை விடுதி மாணவியோ அதையே மறுநாள் கைப்பேசியில் ஓட்டி ஓட்டிப் பார்க்கலாம்.

இரு ஊர்களிலும் பத்துப் பத்துப் பேரை 7 நாள் குறிப்பெழுதச் சொல்லி, பிறகு நேரில் பேசுங்கள். “தினமும் செய்தி பார்ப்பேன்” என்ற விடையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.