ஃபைபர் வள்ளத்தின் பழைய பெயின்டை எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஃபைபர் வள்ளத்துக்கு 20 வயதாகிறது. பெயின்டின் மேல் பெயின்ட் அடித்து அடித்து, இப்போது செதில் செதிலாக உரிகிறது. பொழியூரில் மரவள்ளத்துக்குச் செய்வதுபோல் தீயால் வாட்டிச் சுரண்டிவிட்டு, இடவப்பாதி மழைக்காலத்தில் வள்ளம் சும்மா கிடக்கும்போது புதுப் பெயின்ட் அடிக்கலாமா?
— வாசகர், நீரோடி

பதில்: தீ கூடவே கூடாது. மரம் சற்றே கருகினாலும் தாங்கிக்கொள்ளும். ஃபைபர் வள்ளத்திலோ கண்ணாடி இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ரெசின் சூட்டில் இளகி, அடுக்குகள் பிரிந்துவிடும். கடைகளில் கிடைக்கும் சாதாரண பெயின்ட் ரிமூவரும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஜெல்கோட்டை (ஃபைபரின் மேல் வழவழப்பாக இருக்கும் ரெசின் பூச்சை) அரித்துவிடக்கூடும் என்பதால், ஃபைபருக்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

முதலில் சோப்புநீரால் கழுவி, தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கி, புதுப் பெயின்டைப் பிடிக்கவிடாது. பிறகு, முனைகளை அரத்தால் மழுக்கிய சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால், பெரும்பகுதி தானே கழன்று வரும். மிச்சத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் நனைத்துத் தேயுங்கள். பாசி பிடிக்காதிருக்க அடிக்கும் பெயின்டில் செம்பு கலந்திருக்கும், அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

பெயின்ட் போனதும் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். கொப்புளம் தட்டுப்பட்டு, குத்தினால் புளித்த வாடையுடன் நீர் கசிந்தால், அதுதான் உண்மையான நோய். அதைத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எபாக்சி பட்டியால் அடைக்க வேண்டும். உலர்ந்ததா என்பதை அறிய, ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. இடவப்பாதிக் காற்றில் அது காயவே காயாது. ஓய்வு கிடைக்கும் மாதம் என்பதற்காக வேலைக்கு ஏற்ற மாதம் ஆகிவிடாது; தொழில் கொஞ்சம் கெட்டாலும் மாசி, பங்குனியில் வள்ளத்தைக் கரையேற்றுங்கள்.

பட்டி இறுகியதும் அதன்மேல் பூக்கும் பிசுபிசுப்பைத் தண்ணீரால் கழுவி, 120, அடுத்து 220 எண் தாளால் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டும் பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு கோட்டும், டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு, வெயில் வள்ளத்தின் உடம்பில் நேராக விழாத காலைநேரத்தில் பனி உலர்ந்த பிறகு அடியுங்கள்.