அரசுப் பள்ளியில் 2ஆம் வகுப்புப் பாடத்தை யார் திட்டமிடுகிறார்கள்? வீட்டில் நாம் என்ன சொல்லித்தருவது?

தமிழ்நாட்டில் பாடத்தைப் பள்ளி தானாக முடிவு செய்வதில்லை, மாநில அளவில் தயாராகி மூன்று பருவமாகப் பிரித்துத்தான் புத்தகம் வருகிறது. ஆனால் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்புப் பிள்ளைகளையும் அவரவர் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதனால் முதலில் டீச்சரிடம் உங்கள் பிள்ளை எந்த நிலை என்று கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே வேண்டாம்.

அரும்பு என்றால் எழுத்தும் சின்ன எண்களும்தான். என் மகளுக்கு லகரமும் ளகரமும் குழம்பிக்கொண்டே இருந்தது, பத்து முறை எழுதச் சொல்லி அழவைத்தேன், தப்புதான். அப்புறம் கடைக்குப் போகும் வழியெல்லாம் பெயர்ப்பலகையில் 'ள' தேடச் சொன்னேன், 'பள்ளி'யில் இரண்டு இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துக் கத்தினாள்.