நன்றாகச் சூடு செய்தோமே, பிறகும் ஏன் வாந்தி?

கேள்வி: ஞாயிறு மதியம் 12 மணிக்கு சிக்கன் பிரியாணி பார்சல் வாங்கினோம். பாதியை அப்போதே சாப்பிட்டுவிட்டு, மீதியை மேஜையிலேயே மூடி வைத்திருந்தோம். இரவு 8 மணிக்கு ஆவி பறக்கச் சூடு செய்து சாப்பிட்டோம். 10 மணிக்கெல்லாம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாந்தி. அவ்வளவு சூட்டிலும் கிருமி பிழைக்குமா? தப்பு கடைமேலா, எங்கள்மேலா?
- வாசகி, ஈரோடு

பதில்: கிருமி செத்திருக்கும். அது சாவதற்கு முன் சோற்றில் கக்கிய நச்சு சாகாது. உங்கள் பிள்ளைகளுக்கு வந்தது பெரும்பாலும் அந்த நச்சின் வேலை.

பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. அதனால் நெல்லிலும் அரிசியிலும் இருக்கும். எத்தனை முறை களைந்தாலும் முழுக்கப் போகாது. அது விதைபோலத் தடித்த உறை போர்த்திய ஸ்போராக மாறிக்கொள்ளும். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் சாகும், ஸ்போர் தப்பிக்கும். வெந்த சோறு ஆறி 30, 35 டிகிரிக்கு வந்ததும் போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அது முளைத்துப் பெருகும். பெருகும்போது செரியுலைடு என்ற நச்சை விடும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு சிதையாது. வீட்டு பிரஷர் குக்கரின் உச்சச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அடுப்பு, மைக்ரோவேவ், இட்லிப் பானை எதனாலும் அதை நீக்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோதுதான் இது பரவலாகத் தெரிய வந்தது. முன்கூட்டியே வேகவைத்த சோற்றை வெளியிலேயே போட்டுவைத்துவிட்டு, வாடிக்கையாளர் வந்ததும் சுடச்சுட வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரியாணிக்கு இன்னொரு எதிரியும் உண்டு: குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். கறி சேர்ந்த உணவைப் பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆற விட்டால், 43 முதல் 45 டிகிரிச் சூட்டில் இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகோ மறுநாளோ வயிற்றை முறுக்கிப் போக்கு வரும். இந்தக் கிருமி விஷயத்தில் மட்டும் மறுபடி நன்றாகச் சூடு செய்வது உதவும். ஏனென்றால் இது உயிரோடு குடலுக்குள் போன பிறகுதான் நச்சை விடுகிறது. உணவில் எது இருக்கிறது என்று முகர்ந்து கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இரண்டுமே வாடையை மாற்றாமல் பெருகக்கூடியவை.

தப்பு யார்மேல் என்றால், மதியம் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரவு சாப்பிட்ட இரண்டே மணி நேரத்தில் வாந்தி வந்தது என்ற கணக்கைப் பார்த்தால், மேஜையில் கிடந்த எட்டு மணி நேரம்தான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. அண்டாவில் எத்தனை மணியிலிருந்து இருந்தது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பரிமாறக் காத்திருக்கும் உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் ஊதாமலே வாயில் போட முடிகிறது என்றால் அது பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது.

வெயில் காலத்தில் சமைத்த உணவு வெளியே இருக்கக்கூடிய நேரம் ஒரு மணி, மற்ற நாளில் இரண்டு மணி. மிச்சத்தை அகலமான தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி ஆற விட்டு, பிரிட்ஜில் வையுங்கள். பானையோடு வைத்தால் வெளிப்பக்கம் குளிர்ந்து, நடுவில் மட்டும் பல மணி நேரம் வெதுவெதுப்பு நிற்கும். ‘சூடாக பிரிட்ஜில் வைக்கக் கூடாது’ என்று சொல்லி இரவு முழுவதும் அடுப்பு மேடையிலேயே விடுவது அதைவிட மோசம். பிரிட்ஜுக்குள் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் 1, 2, 3 எண்கள் டிகிரி அல்ல, ஆகவே ஒரு சின்ன தெர்மோமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து ஒரே ஒரு முறை சூடு செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய சோறு சாப்பிடலாமா, கூடாதா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: சாப்பிடலாம். தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பை ஏற்றுகின்றன, அந்தப் புளிப்பு பாசில்லஸ் சீரியஸை வளர விடாது. ஆனால் புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும், ஆபத்தும் அந்த நேரத்தில்தான். சோறு ஆறியதும் தாமதிக்காமல் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றுங்கள். முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி, அல்லது மோர் சிறிது சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும். காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மதியச் சோற்றை இரவு வரை வெறுமனே வைத்திருந்துவிட்டு, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: கோழிக்கறியைக் கழுவக் கூடாது என்கிறார்கள். கறிக்கடையில் இறகும் எலும்புத் தூளும் ரத்தமுமாகத் தருவதைக் கழுவாமல் எப்படிச் சமைப்பது?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. அந்த அறிவுரை, சுத்தம் செய்து பொதிந்த கோழியை வாங்கும் நாடுகளில் பிறந்தது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் ஆய்வு நமக்கும் பொருந்தும்.

கோழியின் குடலில் கேம்பிலோபேக்டர், சால்மோனெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களும் இருக்கும், கோழிக்கு அவற்றால் தொந்தரவில்லை. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014 பிப்ரவரியிலிருந்து ஓராண்டு கடைக் கோழிகளைச் சோதித்ததில் 73 சதவீதத்தில் கேம்பிலோபேக்டர் இருந்தது. சில நூறு கிருமிகள் வாய்க்குள் போனாலே நோய் வரலாம். அரிதாகச் சிலருக்குப் பின்னாலேயே கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே நோய்க்குறி வருகிறது. 2025 ஜனவரியில் புனேயில் அந்த நோய் பரவியபோது சிலரின் மல மாதிரிகளில் இந்தக் கிருமி கிடைத்தது.

அமெரிக்க வேளாண் துறை 2019-இல் வெளியிட்ட சமையலறை ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் சிங்க்கில் கிருமி ஒட்டியிருந்தது. 26 சதவீதத்தினரின் சாலட் இலை வரை போய்விட்டது. கழுவாதவர்களில் 31 சதவீதத்தினரின் சாலட்டிலும் கிருமி இருந்தது. சரியாகக் கழுவாத கை வழியாகப் போயிருக்கிறது. ஆகவே கறியைக் கழுவுவதா வேண்டாமா என்ற சண்டையைவிட, கறியைத் தொட்ட கையை அடுத்து எதில் வைக்கிறோம் என்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் குழாயைத் திறந்து விடாதீர்கள், தெறிக்கும். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கறியை மெதுவாக அமிழ்த்தி அலசி, தண்ணீரைச் சிங்க்கின் அடியோடு ஒட்டி ஊற்றுங்கள். கொத்தமல்லி, வெங்காயம், குடிதண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் அதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவி, சிங்க்கையும் குழாய்த் திருகையும் சோப்பால் துலக்குங்கள். மஞ்சளும் உப்பும் வாடையைக் குறைக்கும், கிருமி நீக்கத்துக்கு அவற்றை நம்ப முடியாது. கொல்வது சூடுதான்: தடித்த துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். பச்சைக் கறியை பிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒழுகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: ஷவர்மா கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
- கல்லூரி மாணவர், நாமக்கல்

பதில்: சுழலும் கம்பியில் அனலுக்கு எதிரே வேகுவது வெளிப்புற ஓரம் மட்டுமே. கூட்ட நேரத்தில் ஆழமாகச் சீவினால் வேகாத கறியும் சேர்ந்து வரும். சீவியதை மறுபடி தோசைக்கல்லில் வாட்டித் தருகிறார்களா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு துண்டு தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் பிறகு மறுபடி பற்றவைக்கும் கடையைத் தவிருங்கள்.

பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம். அதில் வேகவைக்கும் கட்டமே கிடையாது, முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் அப்படியே உங்கள் தட்டுக்கு வரும். தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதலும் ஓராண்டுக்கு இதைத் தடை செய்தன. முட்டையில்லாததா அல்லது கம்பெனிப் பாக்கெட்டா என்று கேளுங்கள். பாக்கெட் மயோனைஸும் திறந்த பிறகு குளிரில்தான் இருக்க வேண்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் அல்ல.

கறியும் முட்டையும் சரியாக இருந்தாலும் கை சரியாக இருக்க வேண்டும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார், பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. ஷிகெல்லா மனிதக் கழிவிலிருந்து கை, தண்ணீர் வழியாக வருவது. கடையில் ஊழியர் கைகழுவக் குழாயும் சோப்பும் கண்ணில் படாவிட்டால் நாங்கள் அங்கே வாங்க மாட்டோம்.

கேள்வி: ஐஸ் வைத்த மீன் பழசு என்று என் மாமியார் வாங்க விடுவதில்லை. சரியா?
- வாசகி, சென்னை

பதில்: ஐஸ் இல்லாமல் வெயிலில் பரப்பி வைத்திருப்பதுதான் பயப்பட வேண்டிய மீன். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது சரியான அளவு. கடல்மீனில் இருக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற பாக்டீரியா உடல்சூட்டளவு வெப்பத்தில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும், குளிரில் முடங்கிவிடும். 1950-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் சிறுமீன் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது டாக்டர் புஜினோ கண்டுபிடித்தது இதைத்தான். நன்றாக வேகவைத்தால் இது சாகும்.

சூரை, அயிலை, மத்தி மூன்றுக்கும் கூடுதல் கவனம் தேவை. குளிர் குறைந்தால் பாக்டீரியாக்கள் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அது பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வரும். பலர் இதை ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று நினைத்துவிடுகிறார்கள். நாக்கில் மிளகுபோலச் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். சந்தைக்குப் போகும்போது தெர்மாகோல் பெட்டி கொண்டு போய், மீனோடு ஐஸும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முளைகட்டிய பயறு பாக்கெட்டைப் பச்சையாகச் சாப்பிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அப்படியே பிடிக்கும், அது விதையின் வெடிப்புக்குள் இருந்தால் கழுவியும் போகாது. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை ஓ104 வகைக் கிருமியால் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மீது பழி போட்டு, அந்த விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் பச்சை முளைப்பயறைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஓட்டலில் சாப்பிட்டு நான்கு பேர் மருத்துவமனையில் சேர்ந்தோம். ஓட்டல் மறுக்கிறது. எப்படி நிரூபிப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: முதல் ஆதாரம் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் மலத்தை ‘கல்ச்சர்’ பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை போட்ட பிறகு கிருமி வளராது, வழக்கும் பெரும்பாலும் அங்கேயே பலவீனப்படும். ஒருவருக்கு மட்டுமல்ல, நால்வருக்கும் எடுக்க வேண்டும். நால்வரிடமும் ஒரே கிருமி என்பது வலுவான சான்று.

இரண்டாவது, நோய் வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் யார், எங்கே, எதை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் குற்றம் சொல்வார்கள். 1 முதல் 6 மணிக்குள் வாந்தி என்றால் கடைசிச் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலோடு போக்கு என்றால் சால்மோனெல்லாவாக இருக்கலாம். அது பெரும்பாலும் 12 முதல் 72 மணி நேரம் எடுக்கும், கேம்பிலோபேக்டருக்கு 2 முதல் 5 நாள். கணக்குப் பொருந்தாத புகாரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாக உடைத்துவிடுவார்.

மிச்ச உணவு இருந்தால் சுத்தமான டப்பாவில் மூடி, தேதி நேரம் எழுதி, பிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் பெர்ஃபிரிஞ்சன்ஸ் போன்றவை செத்துப்போகும். நீங்கள் எடுத்து வைத்ததைச் சட்டப்படியான மாதிரியாக ஏற்பது கடினம், ஆகவே உணவு பாதுகாப்பு அலுவலர் அன்றே ஓட்டலுக்குப் போய் மாதிரி எடுக்க வேண்டும். அதனால்தான் தாமதிக்காதீர்கள் என்கிறோம். பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்றால் சிறு கடைக்கான பதிவு. அந்த எண்ணோடு மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம்.

உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006, பிரிவு 65-இன்படி பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு உண்டு. இதைத் தவிர மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவு, மருந்து பில், ஓட்டல் பில் நான்கின் அசலையும் உங்களிடமே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள். ஓட்டல் பில் வெப்பத்தாளில் அச்சானது, சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். இன்றே படம் எடுத்து வையுங்கள்.