மலைப்பனிக்கு எத்தனை அங்குல லக்?

கேள்வி: மலையில் ஓட்டுவதற்காகப் பனியில் செல்லும் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்று வாங்கவிருக்கிறேன். டர்போ இல்லாத 850 சிசி எஞ்சின். ஒரே மாடலில், வண்டியை நகர்த்தும் ரப்பர்ப் பட்டையான டிராக், லக் உயரம் 2.5 அங்குலமாகவும் 3 அங்குலமாகவும் கிடைக்கிறது. உயரமானதை எடுப்பதே புத்திசாலித்தனம் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: இடுப்பளவுக்குப் புதுப்பனி கிடக்கும் நாளில் உங்கள் நண்பர்கள் சொல்வது முற்றிலும் சரி. டிராக்கின் மேல் நிமிர்ந்து நிற்கும் ரப்பர்த் துடுப்புகளான லக்குகள் பனியைப் பின்னுக்குத் தள்ளித்தான் வண்டியை முன்னே செலுத்துகின்றன. பனி உதிரியாக இருக்கும்போது பிடிப்புக் கிடைக்க அவை ஆழமாக இறங்கியாக வேண்டும். ஆனால், அப்படிப்பட்ட நாள்கள் ஒரு பருவத்தில் எத்தனை வாய்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உயரமான லக் ஒவ்வொரு சுற்றிலும் அதிகப் பனியை வாரி இறைப்பதால், அதைச் சுழற்றக் கூடுதல் திறன் தேவைப்படுகிறது. காற்றை அழுத்தி உள்ளே ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சினோ, உயரம் கூடக் காற்று மெலிவதால், ஏறும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதத் திறனை இழக்கிறது. பத்தாயிரம் அடி உயரத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். மிச்சமிருக்கும் திறன் போதாமல் டிராக்கின் வேகம் குறைந்தால், லக் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. டர்போ வண்டிக்காரர்கள் 3 அங்குலத்தைப் புகழ்வதை இந்த வேறுபாட்டோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும் இறுகிய பாதையில்தான் உயரமான லக்கின் குறை பளிச்சென்று தெரியும். வண்டியின் எடை முழுவதையும் லக்குகளின் நுனிகள் தாங்குவதால், அவை ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்கமாக மடங்கி நிமிர்கின்றன. ரப்பர் சூடேறி, நுனியில் கீறல் விட்டு, நாளடைவில் துண்டு துண்டாகப் பிய்ந்து போகிறது. வளைவுகளிலும் வண்டி சற்றே தள்ளாடும். இளவேனிலில் உருகி உறைந்த பனியிலும் இதே கதைதான்.

ஆகவே, பாதையில் கணிசமான தூரம் ஓட்டுபவராகவோ, பருவத்தின் பிற்பகுதியில் அதிகம் செல்பவராகவோ இருந்தால் 2.5 அங்குலமே உங்களுக்கு ஏற்றது. நேராக ஆழ்பனியில் இறங்குபவர் என்றால் 3 அங்குலத்தை எடுங்கள். இரண்டுக்கும் முன்னதாக டிராக்கின் நீளத்தை முடிவு செய்துவிடுங்கள். வண்டியைப் பனிமேல் மிதக்க வைப்பது பெரும்பாலும் நீளமும் அகலமும்தான். நீளம் போதாத வண்டியில் உயரமான லக்கைப் பூட்டி, நின்ற இடத்திலிருந்து திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) ஒரேயடியாகக் கொடுத்தால், அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

கேள்வி: என் பழைய வண்டியில் 2.25 அங்குல லக் உள்ளது. 3 அங்குல டிராக்காக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: டிராக்கை மேலிருந்து மூடியிருக்கும் கூடான டனலுக்குள் இடமிருந்தால் மாற்றலாம். முன்பக்க வெப்பப் பரிமாற்றிக்கும் லக் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வேகத்தில் டிராக் வெளிப்புறமாகச் சற்று விரியும் என்பதால், நிற்கும்போது உரசாமல் இருந்தால் மட்டும் போதாது. இடம் குறைவென்றால், டிராக்கைச் சுழற்றும் பற்சக்கரங்களான டிரைவர்களில் பற்கள் குறைந்தவற்றைப் பொருத்துவார்கள். அதனால் கியர் விகிதமும் மாறும். புதிய டிராக்கின் பிட்ச் (பற்கள் பொருந்தும் இடைவெளி) டிரைவர்களின் பிட்ச்சோடு பொருந்துகிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.